வீட்டுச் சாமான் ஃபோல்டர்

என் அக்கா ஃபோனில் பேசத் தொடங்கும் முதல் வார்த்தையிலேயே விஷயம் தெரிந்துவிடும். “சாப்பிட்டியா?” என்றால் ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டிருக்கிறாள். “டேய்” என்றால் ஏதோ உடைந்திருக்கிறது. அன்று காலை கடையைத் திறந்து ஃபேனைப் போட்டு உட்காரக்கூட இல்லை, ஃபோன் அடித்தது.

“டேய், நீ குடுத்த கம்ப்யூட்டர் சரியில்லடா.”

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். யார் வீட்டுக் கம்ப்யூட்டர் கெட்டாலும் எனக்குக் கோபம் வராது, அது என் பிழைப்பு. ஆனால் முன்னால் “நீ குடுத்த” என்று ஒன்று சேர்ந்துவிட்டால் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறும். அந்த லேப்டாப்பைப் பிரித்து, துடைத்து, புது டிஸ்க் போட்டு நானே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். பழசுதான், ஆனால் தங்கமான பழசு.

“என்ன பண்ணுது?”

“படம் இருக்கிற ஃபோல்டரைத் தொறந்தா, தொறந்த கையோட மூடிக்குது.”

“மத்ததெல்லாம்?”

“மத்ததெல்லாம் தொறக்குது. இது மட்டும் பட்டுனு சாத்திக்குது. ஒரு வாரமா இப்படித்தான். உங்க மாமா அன்னைலேர்ந்து வாயைத் தொறக்கலடா.”

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் ஏறின கோபம் ஏறின வழியே இறங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நட்டு, போல்ட்டு, பேரிங்கு என்று அலமாரி அலமாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டி, அந்த லேபிளில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சாமானை உள்ளே விடமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். சர்க்கரை டப்பாவில் ‘சர்க்கரை’ என்று எழுதி ஒட்டியிருப்பார். “உள்ள என்ன இருக்குன்னு பார்த்தா தெரியாதா?” என்று அக்கா கேட்டால், “பார்க்காமலே தெரியணும் மேனேஜர், அதுதான் ஸ்டோர்” என்பார். அக்காவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதிலிருந்து அவள் மேனேஜர்தான். “அங்க ஒரு மேனேஜர், இங்க ஒரு மேனேஜர், எனக்கு எங்கடா விடுதலை?” என்று என்னிடம் புலம்புவார். அக்கா முறைப்பாள். உள்ளுக்குள் அவளுக்கு அந்தப் பேர்மேல் கொள்ளை ஆசை என்பது எனக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, பல் தேய்க்கப் போன மனுஷன் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை. காலும் கையும் மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்ல வேண்டியதும் மனசில் இருக்கிறது, வாயெடுத்தால் சொல் வருவதில்லை. வந்தாலும் வேறு சொல் வரும்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த அம்மா ஒரு வழி சொன்னார். “புத்தகத்துல இருக்கிற படமெல்லாம் காட்டாதீங்க. இவர் வீட்டுக் கதவு, இவர் சாப்பிடுற தட்டு, இவர் தலை சீவுற சீப்பு, இதையெல்லாம் தனித்தனியா படம் எடுத்து வைங்க. தெனமும் பார்த்துப் பார்த்துச் சொல்லட்டும்.” அவ்வளவுதான், அக்கா ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கப் படம் எடுத்தாள். வாசல் மிதியடியைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி ‘வீட்டுச் சாமான்’ என்று ஒரு ஃபோல்டர் போட்டாள்.

தினமும் குளித்துவிட்டு வந்ததும் மாமா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வலது கை இன்னும் முழுசாகத் தேறாததால் மௌஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு அந்த ஃபோல்டரைத் திறப்பார். ஸ்டோரில் கம்ப்யூட்டரில் கணக்கேற்றிய ஆள் அவர். வாய் மறந்ததைக் கை மறக்கவில்லை. வரிசையாகத் தெரியும் சின்னச் சின்னப் படங்களில் ஒன்றை அமுக்கிப் பெரிதாக்கி, அதன் பேரைச் சொல்லப் பார்ப்பார். முதலில் வந்தது ‘கதவு’. வந்தது வந்தது, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் வேண்டுமானாலும் கதவு, டிவியை நிறுத்தச் சொன்னாலும் கதவு. ஒருமுறை என்னைப் பார்த்தும் ‘கதவு’ என்றார். நான் வருத்தப்படவில்லை. கதவு உபயோகமான சாமான்.

அப்புறம் தட்டு வந்தது. சீப்பு வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் அக்கா எனக்கு ஃபோன் செய்வாள், “டேய்” என்று தொடங்காமல். இந்த ஒரு வாரமாக அந்த ஃபோனும் வரவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

நான் போனபோது மாமா ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, லேப்டாப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து இடது கையைத் தூக்கினார். சிரிக்கவில்லை.

“என்ன மாமா, கம்ப்யூட்டரோட சண்டையா?” என்றேன்.

தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். லேப்டாப்பைக் காட்டினார். தலையை ஆட்டினார்.

“தான்தான் கெடுத்துட்டோம்னு நினைக்கிறாருடா” என்றாள் அக்கா. “இல்லவே இல்லைன்னு சொல்லிட்டேன். கேட்டாத்தானே?”

“அவர் எப்படிக் கெடுப்பாரு? நீ தள்ளு, நான் பார்க்கிறேன்.”

மேஜையில் உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தேன். மேலே பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. கதவு தெரிந்தது, தட்டு தெரிந்தது, பாதி வரிசை வந்தது. கோடு ஓரிடத்தில் நின்றது. அடுத்த நொடி ஃபோல்டர் மொத்தமும் மறைந்து திரை ஒருமுறை கண்சிமிட்டி வெறுமையாக நின்றது. மறுபடி திறந்தேன். மறுபடி அதே கதை.

“பார்த்தியா?” என்றாள் அக்கா, ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?”

“எத்தனை தடவை! எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதானே.”

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் தொடங்கினேன். சின்னப் படங்களை வேகமாகக் காட்டுவதற்காகக் கம்ப்யூட்டர் அவற்றின் நகலை ஒரு மூலையில் சேர்த்து வைத்திருக்கும். அந்த மூலை அழுகிப்போனால் இப்படி ஆகும். அதைச் சுத்தமாகத் துடைத்தேன். ஃபோல்டரைத் திறந்தேன். பட்டென்று சாத்திக்கொண்டது. புதுப்பிக்க வேண்டியதையெல்லாம் புதுப்பித்தேன். சாத்திக்கொண்டது. “சனியனே” என்றேன். வைரஸ் ஏதாவது நுழைந்திருக்குமோ என்று சோதனை போட்டுவிட்டு, அது ஓடி முடியும்வரை அடுப்படிக்கு எழுந்து போனேன்.

அடுப்படி மேஜைக்கு நேர் பின்னால்தான். நடுவில் கதவு கிடையாது, அகலமான திறப்பு. அக்கா மிக்ஸியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்கு இன்னும் கெட்டியாக எதையும் விழுங்க வராது, மூன்று வேளையும் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த மிக்ஸி போடும் கூச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவள் நிறுத்தும்வரை காத்திருந்தேன்.

“இந்த மிக்ஸியை மாத்தித் தொலையேன்.”

“அது அரைக்குது. உன் கம்ப்யூட்டர் மாதிரி இல்ல.”

டீயை டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, தன் டம்ளரை எடுக்காமல் நின்றாள்.

“எனக்குப் பயமா இருக்குடா” என்றாள். “ஒரு வாரமா ஒரு சொல்லும் சொல்லல. வந்த நாலு சொல்லும் திரும்பிப் போயிடுமோன்னு இருக்கு. அந்தம்மா சொல்லிட்டுத்தானே போனாங்க, ஒரு நாளும் விடாதீங்கன்னு.”

“அதெல்லாம் போகாது. நான் சரி பண்ணித் தர்றேன்.”

“சீப்பு வந்திருச்சு. தட்டு வந்திருச்சு. போன மாசம் வாளி வந்துச்சுடா. வாளி! எவ்வளவு தெளிவா சொன்னாரு தெரியுமா?” சிரிக்கப் பார்த்தாள். “என்னை மட்டும் கூப்பிட வரல. நான் என்ன, வாளியை விடக் கொறஞ்சா போயிட்டேன்?”

டீ சூடாக இருக்கிறது என்று சொல்லி ஊதினேன்.

“இந்த மனுஷன் மேனேஜர் மேனேஜர்னு உயிரை வாங்கினப்போ காதுல பஞ்சு வச்சுக்கலாம்னு இருக்கும்” என்றாள். “இப்போ ஒரே ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். ஒரு தடவை. அப்புறம் காலம் பூரா கதவுன்னு கூப்பிடட்டும், நான் வரேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மிக்ஸி ஜாரைக் கழுவப் போய்விட்டாள்.

வைரஸ் எதுவும் இல்லை என்று வந்தது. இனி சும்மா இருந்தால் ஆகாது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். படமாகக் காட்டாமல் வெறும் பேர்களாக மட்டும் காட்டும்படி மாற்றிவிட்டு ஃபோல்டரைத் திறந்தேன். திறந்தது! மூடவில்லை. வரிசை வரிசையாகப் பேர்கள், ஃபோன் தானாகப் போட்ட எண்களோடு.

“அக்கா, தொறந்துடுச்சு!”

கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பார்த்தாள். முகம் விழுந்தது. “என்னடா இது, எல்லாம் நம்பரா இருக்கு? இதுல எது வாளி, எது சீப்பு? அவருக்குப் படம் தெரியணும்டா.”

“பொறு. இப்பத்தான் நோய் எங்கன்னு தெரிஞ்சிருக்கு. படம் வரையிறப்போதான் விழுது. அப்படீன்னா இதுல ஏதோ ஒரு படம் கெட்டுப்போச்சு. அதை வரையப் போய்த்தான் மொத்தமும் விழுந்துடுது. அந்த ஒண்ணைப் புடிச்சுட்டா முடிஞ்சுது.”

“எப்படிப் புடிப்பே?”

“பாதி பாதியாப் பிரிச்சு.”

புதிதாக இரண்டு ஃபோல்டர் போட்டு, படங்களைப் பாதி இதிலும் பாதி அதிலும் தள்ளினேன். முதல் பாதியைத் திறந்தேன்: கதவு, தட்டு, மிதியடி, எல்லாம் ஜம்மென்று வந்தன. இரண்டாவதைத் திறந்தேன்: பட்டென்று சாத்திக்கொண்டது. அப்படியென்றால் களவாணி இரண்டாவது பாதியில். அதையும் இரண்டாகப் பிரித்தேன். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த வேலையில் நான் விரும்புவது இந்தக் கட்டம்தான், ஆளைச் சுற்றி வளைக்கிற கட்டம்.

ஜன்னல் பக்கமிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா எழுந்து, மேஜையைப் பிடித்துப் பிடித்து என் பின்னால் வந்து நின்றார். அவர் அடுக்கி வைத்த வரிசையை நான் இங்கும் அங்குமாக வாரிப் போடுவதைப் பார்த்தார்.

“கதவு” என்றார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த முதல் சொல். அக்கா அப்படியே நின்றுவிட்டாள். நான் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“இருங்க மாமா, முடியப்போகுது.”

“கதவு. கதவு!” மேஜையைத் தட்டினார்.

“கதவு சாத்தித்தான் இருக்கு மாமா! கொஞ்சம் சும்மா இருங்களேன்!”

சொல்லி வாய் மூடுவதற்குள் அக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். “ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவரு ஒரு வாரம் கழிச்சுப் பேசுறாரு, நீ சும்மா இருங்கறியே! உனக்கெல்லாம் யாருடா மெஷினைத் தொடக் குடுத்தது?” பிறகு அவர் பக்கம் திரும்பி, “என்னங்க, என்ன வேணும்? அடுக்கு கலையுதுன்னா? தம்பி மறுபடி அடுக்கிக் குடுத்துருவான்” என்றாள்.

மாமா தலையை ஆட்டினார். அது இல்லை. என்னவென்று சொல்லவும் வரவில்லை. நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்க இன்னும் வேகமாகப் பிரித்தேன். பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. கடைசியில் மிஞ்சியது இரண்டு. ஒன்றைத் தனியாக வைத்துத் திறந்தேன்: வாளி. பச்சை நிறத்தில், கைப்பிடியோடு, யோக்கியமாக வந்தது.

“வாளி நிரபராதி” என்றேன். “அப்போ இவன்தான்.”

மிஞ்சிய அந்த ஒன்றைப் பேர்ப் பட்டியலில் அமுக்கினேன். நீலமாயிற்று. “பாரு அக்கா, இவன்தான் ஒரு வாரமா வீட்டையே ஆட்டி வச்சவன். இதைத் தூக்கிப் போட்டா எல்லாம் சரியாயிடும்.”

“எந்தப் படம் அது?”

“தெரியல. கெட்டுப்போனது, தொறக்காது. போனாப் போகுது, அந்தச் சாமானை மறுபடி ஒரு படம் எடுத்துக்கலாம்.”

“சரி, தூக்கிப் போடு. சனி ஒழிஞ்சுது.”

அழிக்கும் பொத்தானுக்கு விரலைக் கொண்டு போனேன். மாமா அக்காவின் பிடியிலிருந்து கையை உதறி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி என்றால் பிடி. ஸ்டோரில் சாக்குமூட்டை தூக்கின பிடி.

“மாமா?”

அவர் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. முகமெல்லாம் சிவந்து, கண்ணில் நீர் கோத்துவிட்டது. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

நான் விரலை எடுத்தேன். “சரி மாமா. அழிக்கல. சத்தியமா அழிக்கல.”

அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. பேருக்கு எதிரே அதன் அளவு போட்டிருந்தது. இருபது வாளிப் படத்தின் கனம். ஒரு சாமானின் படம் இவ்வளவு கனக்காது. தேதியைப் பார்த்தேன், ஃபோல்டர் மூடிக்கொள்ளத் தொடங்கியதற்கு முந்தின நாள். பேரைப் பார்த்தேன். எல்லாப் படங்களின் பேரும் புள்ளி வைத்து ஜே.பி.ஜி. என்று முடிந்தன. இதுவும் அப்படித்தான் முடிந்தது. ஆனால் முன்னால் இருந்த எண் ஃபோன் போடுகிற எண் இல்லை. லேப்டாப்பின் தலையில் இருக்கிற கேமரா போடுகிற எண்.

“அக்கா, இதுல நீ படம் எடுத்தியா?”

“எனக்கு அதுல எடுக்கவே தெரியாதே. நான் ஃபோன்லதான் எடுத்தேன்.”

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார்.

எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. “மாமா, நீங்க இதுல எடுத்தீங்களா?” ஆமாம் என்று தலை அசைந்தது. “படமா எடுக்கப் போய் வீடியோவா ஆயிடுச்சா?” அதற்கு முழித்தார், அவருக்குத் தெரிந்திருக்காது. “இதை இழுத்துட்டு வந்து இந்த ஃபோல்டர்ல போட்டீங்க. மத்த எல்லாத்துக்கும் கடைசி மூணு எழுத்து ஒரு மாதிரி இருக்கு, இதுக்கு மட்டும் வேற மாதிரி இருந்துச்சு. நீங்க அதை மாத்தி எழுதிட்டீங்க. அப்படித்தானே?”

மாமா நிமிர்ந்தார். ஆமாம். பின்னே, லேபிள் மாறினால் சாமானை எப்படி உள்ளே வைப்பது?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே விட்டிருப்பார்கள். ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, பக்கத்துப் பேரைப் பார்த்து அப்படியே எழுதி, “நிச்சயம்தானா?” என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு நிச்சயம்தான் என்று அமுக்கியிருக்கிறார். கம்ப்யூட்டர் பாவம், லேபிளை நம்பி இது படம் என்று வரையப் போய், உள்ளே வேறு சரக்கு இருப்பதைப் பார்த்து மயங்கி விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

“அப்படி என்னங்க எடுத்தீங்க?” என்றாள் அக்கா. “வீட்டுல நான் எடுக்காம விட்ட சாமான் என்ன இருக்கு?”

நான் பேரின் வாலில் இருந்த அந்த மூன்று எழுத்தை வெட்டி, வீடியோவுக்கு உரிய வாலை ஒட்டித் திறந்தேன்.

திரை நிறைய மாமாவின் முகம். மிகக் கிட்டத்தில், கேமராவைப் பார்க்காமல் அதற்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டு. பிறகு அவர் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒதுங்கினார். பின்னால் அடுப்படி தெரிந்தது. அடுப்படியில் அக்கா, முதுகைக் காட்டிக்கொண்டு, மிக்ஸி மூடியை ஒரு கையால் அமுக்கியபடி நின்றாள். மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது.

எடுத்தது முழுக்க அவள்தானே. எடுக்கிறவள் எங்கே படத்தில் வருவாள்? அந்த ஃபோல்டரில் மிதியடி இருந்தது, வாளி இருந்தது, அவள் இல்லை. எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்கிறது.

வீடியோவில் மிக்ஸி நின்றது. அக்கா மூடியைத் திறந்து கரண்டியால் கிளறினாள். மாமா திரைக்கு நேராக வாயைக் கொண்டு வந்தார்.

“மே... மேசை” என்றார். ம்ஹும் என்று தலையை ஆட்டினார். “மே... மேனே...”

மிக்ஸி மறுபடி அலறியது. அவர் வாயை மூடிக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அது நிற்கும்வரை உட்கார்ந்திருந்தார். நின்றது.

“மேனேஜர்” என்றார்.

தெளிவாக. பழைய குரலில் பாதிகூட இல்லை, ஆனால் தெளிவாக. சொல்லிவிட்டுத் திரும்பி அவள் முதுகைப் பார்த்தார். அதே நொடியில் அவள் குழாயைத் திறந்தாள், தண்ணீர் சத்தம். அவளுக்குக் கேட்கவில்லை. மாமாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். சாமான் வந்து சேர்ந்தது, லேபிள் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி என்பது போன்ற சிரிப்பு. வீடியோ அதோடு நின்றது.

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கே கூப்பிட்டிருக்காருடா” என்றாள் கடைசியில். “நான்தான் மிக்ஸியும் குழாயுமா நின்னிருக்கேன்.”

“மறுநாள் காலைல தொறந்து உனக்குக் காட்டணும்னு வச்சிருக்காரு. மறுநாள் ஃபோல்டரே தொறக்கல. என்ன ஆச்சுன்னு சொல்லவும் அவருக்கு வாய் இல்ல.” அதற்குமேல் சொன்னால் நானும் அழுதுவிடுவேன் என்று, “கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கே நீ” என்றேன்.

அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. மாமாவின் முன்னால் போய் நின்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் செய்தாள். “ஏங்க, ஒரு தடவை தோளைத் தொட்டுத் திருப்பியிருக்கக் கூடாதா?” என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை இன்னும் முடியவில்லை. வீடியோவைப் பத்திரமாக வேறு இடத்தில் வைத்தேன், அக்கா ஃபோனிலும் ஒன்று ஏற்றினேன். பிறகு அதை மெதுவாக ஓட்டி, அவள் முகம் கொஞ்சமாவது தெரிகிற இடத்தைத் தேடினேன். மாமா என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். கரண்டிக்காக அக்கா அரைவாசி திரும்புகிற இடம் வந்ததும் திரையில் விரலை வைத்துவிட்டார். நான் நன்றாக இல்லை என்று நினைத்தேன். முடி கலைந்து, நெற்றி வேர்த்திருந்தது. “வேற பார்க்கலாமா மாமா?” என்றேன். விரல் நகரவில்லை.

“ஐயே, இதையா?” என்றாள் அக்கா. “ஒழுங்கா தலை சீவிட்டு வரேன், புதுசா ஒண்ணு எடுடா.”

“பேசாம இரு. ஸ்டோர் கீப்பர் பாஸ் பண்ணிட்டாரு.”

அந்த ஒரு காட்சியை வெட்டி நிஜமான படமாக்கி, நிஜமான வாலோடு ஃபோல்டரில் வைத்தேன். பிரித்ததையெல்லாம் அவர் காட்டிய வரிசையில் திரும்ப அடுக்கினேன். வாளியை மிதியடிக்கு முன்னால் வைத்ததற்கு இரண்டு முறை திட்டு வாங்கினேன், கண்ணாலேயே. முடித்து, ஃபோல்டரை மூடி, அவர் பக்கம் மௌஸைத் தள்ளினேன்.

“நீங்களே தொறங்க.”

அவர் இடது கையால் அமுக்கினார். பச்சைக் கோடு ஓடியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம். கதவு, தட்டு, மிதியடி, சீப்பு, வாளி. கோடு போய்க்கொண்டே இருந்து கடைசி வரை போய் மறைந்தது. மூடவில்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில், அரைவாசி திரும்பியபடி, வேர்த்த நெற்றியோடு என் அக்கா.

மாமா அந்தப் படத்தை அமுக்கிப் பெரிதாக்கினார். நாங்கள் காத்திருந்தோம். அவர் வாய் குவிந்தது.

“கதவு” என்றார்.

நெற்றியில் அடித்துக்கொள்ளக் கை எழுந்தது. அக்கா பாதியிலேயே பிடித்துவிட்டாள். “அதனால என்ன? கதவுன்னாலும் நான்தான். அதான் பார்த்துட்டேனே, எனக்குப் போதும்” என்றாள். “பசி நேரம் வேற ஆயிடுச்சு. சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க.” முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். போதும் என்றாளே தவிர, போதவில்லை என்பது அவள் நடந்த நடையிலேயே தெரிந்தது.

நான் ஒயரைச் சுருட்டிப் பையில் வைக்க ஆரம்பித்தேன். அடுப்படியில் ஜாரை மிக்ஸியில் பொருத்தும் சத்தம் கேட்டது. மாமா படத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியில் பக்கவாட்டில் திரும்பி, திறப்பு வழியாக, அங்கே நின்ற ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மே...”

அக்காவின் கை சுவிட்சில் இருந்தது. எடுத்துவிட்டாள்.

“மே... மே...”

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவருக்குப் பதற்றம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். சத்தம் போடாமல் குனிந்து மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கினாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயையும் இறுக்கி மூடினாள். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் பையின் ஜிப்பைப் பாதியில் விட்டேன்.

மாமா ஒருமுறை எச்சில் விழுங்கினார்.

“மேனே... ஜர்.”

“என்னங்க?” என்றாள் அக்கா.

அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா கூப்பிட்டிருக்கிறார்.